மஞ்சள் காயாத முகம்

செம்பகத் தோட்டம்,
அழகர்கோவில் சாலை.
8-10-2023

அன்புள்ள அக்காவுக்கு,

முனீஸ்வரி எழுதுவது. நான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். மெஹருன்னிசா அக்காவுக்கு என் சலாம். அவர்களுடைய தையல் கடை முகவரி இல்லாவிட்டால் நமக்கு இந்தக் காகிதப் பேச்சும் கிடையாது.

அக்கா, இங்கே மதிலை இடிக்கிறார்கள். தோட்டத்துக்காரப் பெரியம்மா இறந்ததும் அவர்களுடைய பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து, தோட்டத்தை ஒரு டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இனிமேல் இது திறந்தவெளிக் கலைக்கூடமாம். மாமரங்களுக்கு நடுவே சிலைகள் நிற்குமாம், சனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்களாம். ரோட்டுப் பக்கத்து மதிலை இடுப்பளவுக்குக் குறைத்துவிட்டார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்கிறார் மேனேஜர் நஜீம் சார்.

புருவத்தில் தையல்கூடப் பிரிக்காமல் நான் வந்து நின்ற அன்று, பெரியம்மா ஒரு கேள்வி கேட்காமல் அடுப்படி வேலை கொடுத்தார்கள். சோலை என்று நானாக ஒரு பேரைச் சொன்னேன். அன்றிலிருந்து இங்கே எல்லாருக்கும் நான் சோலைதான். செல்லூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டே என் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் இருந்தேன் என்றால் அது அந்த மதிலால்தான். இனி டிக்கெட் வாங்கினால் அவரும் உள்ளே வரலாம்.

அவர் இன்னும் என்னைத் தேடுகிறாரா? உள்ளதை எழுது. கேட் சத்தம் கேட்டாலே அடுப்படிக்குள் ஓடிவிடுகிறேன்.

உன் தங்கை,
முனீஸ்

*

செல்லூர்,
30-10-2023

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. மாமாவுக்கு இருமல் தேவலை. எனக்கு ஒரு குறையும் இல்லை, இடுப்பு பெருத்துவிட்டது என்று மெஹருன்னிசா டேப்பைக் காட்டிச் சிரிக்கிறாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள் மாதிரி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே ஜாக்கெட்டை எத்தனை தடவைதான் பிரித்துத் தைப்பது என்று அவளுக்குக் கவலை.

தேடுகிறான். அக்காளும் தங்கச்சியும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டால் ஒரே வீட்டில் ஒத்துமையாக இருக்கலாம் என்று நம்மைக் கட்டிக் கொடுத்தார்கள். இப்போது அந்த அசோக்குமாருக்கு நான் சோறு போடுகிறேன், அவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உன்னைத் தேடப் போகிறான். என் போனை வாங்கி யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்கிறான். உன் போட்டோவை டீக்கடையில் காட்டுகிறான், பஸ் ஸ்டாண்டில் காட்டுகிறான். "கெடைச்சா வீட்டுக்குக் கூட்டியார மாட்டேன் மதினி. அங்கனயே முடிச்சிருவேன்" என்று என்னிடமே சொன்னான். உன் மாமா பக்கத்தில்தான் இருந்தார். தறிச் சத்தத்தில் காதில் விழாதவர் மாதிரி நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். சமாதானம் பேசி உன்னை அதே வீட்டுக்கு அனுப்பிவைத்த ஸ்டேஷனுக்கு மறுபடி போக எனக்குத் தெம்பில்லை.

அடுப்படியை விட்டு வெளியே வராதே. கல்லையும் மண்ணையும் காசு கொடுத்துப் பார்க்க எத்தனை கிறுக்கர்கள் வரப் போகிறார்கள்? நாலு நாள் வேடிக்கை, அப்புறம் ஆடுதான் மேயும்.

நேரத்துக்குத் தூங்கு.

உன் அக்கா,
தாமரைச்செல்வி

*

செம்பகத் தோட்டம்,
17-12-2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே மாமாவின் இருமல் பனிக்குக் கூடியிருக்கும், மிளகு ரசம் வைத்துக் கொடு.

நீ சொன்னபடி அடுப்படியில்தான் இருந்தேன். ஆனால் சென்னையிலிருந்து தமிழ்வாணி என்று ஒரு சிற்பி வந்திருக்கிறார்கள். என் வயசுதான் இருக்கும். காப்பி கொண்டுபோன என்னை நிறுத்தி, "ஒரு நிமிஷம் உட்காருங்க சோலை, படம் வரைஞ்சுக்கறேன்" என்றார்கள். வேப்பமரத்தடியில் ஒரு கல் கிடக்கிறது. அதில் ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் என்றது தினமும் காலையில் என்று ஆகிவிட்டது.

திட்டாதே. என் முகத்தை ஒருத்தர் கோபமில்லாமல் இவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர்கள் பார்க்கப் பார்க்க எனக்கே என் முகம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. புருவத்துத் தழும்பைக் கேட்டார்கள். கதவு இடித்தது என்றேன். காகிதத்தில் வரைகிறார்கள், அவ்வளவுதான். காகிதம் சென்னைக்குப் போய்விடும்.

உன் முனீஸ்

*

செம்பகத் தோட்டம்,
20-2-2024

அக்கா,

பொங்கலுக்கும் உன் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அது காகிதத்தோடு நிற்கவில்லை. மண்ணில் செய்து, பாகம் பாகமாகச் சூளையில் வேகவைத்து, அந்தக் கல்லின் மேலேயே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, என் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ரோட்டிலிருந்தே தெரிகிறது. புருவத்துத் தழும்பைக்கூட விடவில்லை.

அந்தத் தழும்பை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். ஏன் என்று கேட்டார்கள். நான் சோலை இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? அசிங்கமாக இருக்கிறது என்றேன். "அதுதான் இந்தச் சிலைக்கே உயிர்" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நல்ல மனுஷிதான். அதனாலேயே என்னால் சண்டை போட முடியவில்லை.

நேற்று பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். நான் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒளிந்து என்ன பிரயோசனம்? நான்தான் வெளியே வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறேனே.

ஒரு வரியாவது எழுது.

முனீஸ்

*

செல்லூர்,
12-3-2024

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல மெஹருன்னிசா எழுதுவது. பயப்படாதே. படியில் விழுந்ததில் வலது மணிக்கட்டு பிசகிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. மாமா நலம்.

பேப்பரில் படம் வந்துவிட்டது. சின்னப் படம், முகம் தெளிவாக இல்லை. அவன் அதை விளக்கடியில் வைத்து வைத்துப் பார்த்தான். "இது அவ மாதிரி இல்ல மதினி?" என்றான். "ஒனக்கு எதப் பாத்தாலும் அவளாத்தேன் தெரியும் தம்பி, போய்ச் சாப்புடு" என்றேன். படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். திருவிழா வரைக்கும் தறியில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அது முடிந்ததும் நேரில் வந்து பார்ப்பான்.

எனக்குச் சிலதைச் சரியாக எழுது. சிலை எந்த மரத்தடியில் இருக்கிறது? கிழக்கே பார்த்தா, மேற்கே பார்த்தா? முகத்துக்கு ஏணி இல்லாமல் கை எட்டுமா? பக்கத்தில் தண்ணீர் உண்டா?

உன் அக்கா

(முனீஸ், இது மெஹருன்னிசா நானா எழுதுறது. அந்த வீட்டுப் படிக்கு அஞ்சு விரலு கெடையாது. அவ கையில அஞ்சு விரலும் பதிஞ்சு கெடக்கு. நீ எங்க இருக்கேன்னு கேட்டுத்தான் முறுக்கியிருக்கான். அவ வாயத் தொறக்கல. நான் சொன்னேன்னு அவகிட்ட காட்டிக்காத. அல்லா இருக்கான்.)

*

செம்பகத் தோட்டம்,
3-4-2024

அக்கா,

உன் கை எப்படி இருக்கிறது? படியைப் பார்த்து நட. வேறென்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது.

கேட்டதற்குப் பதில். வேப்பமரத்தடி. கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. மடித்த காலில் ஏறி நின்றால் முகம் எட்டும். பக்கத்திலேயே பம்புசெட் தொட்டி. இதையெல்லாம் தெரிந்து நீ என்ன செய்யப் போகிறாய்?

கலைக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். ஆடு மேயும் என்றாயே, சனம் மேய்கிறது. சிலையோடு நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அவர் கையில் அடிபட்ட முகத்தை ஊரே தோளில் கை போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகிறது. வெள்ளைச் சட்டை யார் போட்டு வந்தாலும் அவராகத் தெரிகிறது.

முந்தாநாள் விடியக்காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். ஒரே போடு, மூக்கும் கண்ணும் உதிர்ந்துவிடும். ஓங்கவும் செய்தேன். அது என்னைப் பார்த்தது அக்கா. அன்றைக்கு அவர் அரிவாள்மனையை ஓங்கினபோது நான் அவரை இப்படித்தான் பார்த்திருப்பேன். கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான் எங்கேயாவது போய்விடட்டுமா? திருப்பூரில் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். சீக்கிரம் சொல்.

முனீஸ்

*

செல்லூர்,
16-4-2024

தங்கச்சிக்கு,

நலம். கை பரவாயில்லை, இடது கையால் கிறுக்கியிருக்கிறேன், கோழி கிளறினது மாதிரி இருந்தாலும் படித்துக்கொள்.

எங்கேயும் போகாதே. திருப்பூர் பஸ் ஏறுகிற இடத்தில்தான் அவன் உன் போட்டோவோடு நிற்கிறான். சிலையையும் தொடாதே.

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டு மலைக்குத் திரும்புகிற அன்று ரோடெல்லாம் சனமாக இருக்கும். அன்றைக்கு நீ அடுப்படியிலேயே இரு. குலவைச் சத்தம் கேட்டாலும் உடுக்கைச் சத்தம் கேட்டாலும் வெளியே எட்டிப் பார்க்காதே. யார் கூப்பிட்டாலும் வராதே.

உன் அக்கா

*

செம்பகத் தோட்டம்,
30-4-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக வீடு போய்ச் சேர்ந்தாய் என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

நீ சொன்னபடி அடுப்படியில் இருந்தேன். குலவைச் சத்தம் கேட்டது. உடுக்கை கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன். நடந்ததையெல்லாம் வாட்ச்மேன் முத்திருளன் அண்ணன் வந்து சொல்லித்தான் தெரியும்.

மினி லாரியில் மஞ்சள் சேலை கட்டின பொம்பளைகள் வந்து, ஒழுங்காக வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். சிலை முன்னால் வந்ததும் அதில் ஒருத்திக்கு அருள் வந்துவிட்டது. "எம்புட்டு நாளா இங்ஙன உக்காந்துருக்கேன். எம் மொகத்தை இப்படி வெறுசா வெயில்ல போட்டுட்டீகளேடா. மஞ்ச பூசுங்க, சேல கட்டுங்க, கண்ணு வாங்கி வைங்க. பூசுன மஞ்சளத் தொடச்சா, தொடச்ச கை வெளங்காது" என்று ஆடியிருக்கிறாள். ரோட்டில் போன சனமெல்லாம் உள்ளே வந்துவிட்டது. ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, வேப்பமரத்தடியில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தால் நம் சனம் அதை யார் என்று நினைக்கும்? சாயங்காலத்துக்குள் முகம் முழுக்க மஞ்சள். தழும்பு இருந்த இடம் தெரியவில்லை. கோவில் கடையில் வாங்கின வெள்ளிக் கண்மலரை ஒட்டிவிட்டார்கள்.

நஜீம் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தமிழ்வாணி அம்மா போனில், கழுவுங்கள் கழுவுங்கள் என்று சத்தம் போட்டார்கள். கழுவ ஆள் வேண்டுமே. முத்திருளன் அண்ணன் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, "எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டார்.

ஆடின பொம்பளையின் வலது கையில் கட்டுப் போட்டிருந்ததாம்.

முனீஸ்

*

செம்பகத் தோட்டம்,
16-6-2024

அக்கா,

நீயும் மாமாவும் நலமா?

அவன் வந்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் சிலை முகத்துக்கு மஞ்சள் பூசுகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. மற்றவர்களுக்கு அதைத் தொடப் பயம். "நீதான் பயமில்லாம இருக்க சோலை" என்கிறார் நஜீம் சார். இந்தத் தோட்டத்தில் என்னைவிடப் பயந்தவள் கிடையாது, ஆனால் எனக்கு அந்தச் சிலையிடம் மட்டும் பயமில்லை. அம்மனைத் தொடுகிறவள் வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், தன் முகத்துக்கும் மஞ்சள் பூசிக்கொள்ள வேண்டும் என்று ஊர்ப் பொம்பளைகள் முறை சொன்னார்கள். அதுதான் என்னைக் காப்பாற்றியது.

கிண்ணத்தோடு சிலைக்குப் பின்னால் நின்றபோது குரல் கேட்டது. "இதானா பேப்பர்ல வந்தது?" என்று முத்திருளன் அண்ணனிடம் கேட்டான். "செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க" என்றார் அவர். கழற்றினான். சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து, சிலையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். மஞ்சளும் வெள்ளிக் கண்ணும்தான் அவனைத் திரும்பப் பார்த்தன. எனக்குக் காலோடு மூத்திரம் போய்விட்டது அக்கா. வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

படத்தை மடித்து வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "தாயே, அவள எங் கண்ணுல காட்டு. காட்டுனா கெடா வெட்டுறேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். நான் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றேன். கண்ணில் காட்டு என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் கேட்டான்.

பிறகு குங்குமத்துக்குக் கையை நீட்டினான். கொடுத்தேன். என் விரல் அவன் கையில் பட்டது. நெற்றியில் இட்டுக்கொண்டு போய்விட்டான்.

முனீஸ்

*

செல்லூர்,
9-7-2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். கட்டை அவிழ்த்தாயிற்று, ஆனால் கனமாக எதையும் தூக்க முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் ராத்திரிச் சோறு வேண்டாம் என்றான். மறுநாள்தான், "அது அவ இல்ல மதினி. சாமி" என்றான். அப்பாடா என்று நான் உட்காருவதற்குள், "தாயி எனக்கு அவளக் காட்டுற வரைக்கும் வெள்ளி தவறாமப் போகப் போறேன்" என்றான். அங்கே வருகிறான் அல்லவா? நீ எழுதாவிட்டாலும் தெரியும்.

புத்திசாலித்தனம் பண்ணினதாக நினைத்துப் புலியை வாசலில் கட்டிவிட்டேன். வாரா வாரம் உன் கையிலேயே குங்குமம் வாங்குகிறவன் ஒருநாள் நிமிர்ந்து பார்க்காமலா இருப்பான்? இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு அவனோடு நானும் வருகிறேன். "ஒன் வேண்டுதலுக்கு நானும் வந்து கும்புடுறேன் தம்பி" என்றேன், சந்தோஷப்பட்டான். நீ எப்போதும் போல வாயைக் கட்டிக்கொண்டு நில். என்னைப் பார்த்தாலும் தெரிந்த மாதிரி நிற்காதே. ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் தட்டில் வை.

உன் அக்கா

*

செம்பகத் தோட்டம்,
4-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன், நீ நலமா?

இரண்டு வருஷம் கழித்து உன்னைப் பார்த்தேன். இளைத்துப்போயிருக்கிறாய். பெருத்துவிட்டதாக எழுதினதெல்லாம் பொய். கூப்பிட முடியாமல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ எலுமிச்சம்பழத்தை எடுத்தாய். அதற்கப்புறம் வந்தது உன் குரல் இல்லை. "எவளத் தேடுறயோ அவள நான் எடுத்துக்கிட்டேன்டா. இனி அவ ஒனக்குச் செத்தவ. தல முழுகு. முழுகிட்டு இந்த மண்ண மறந்துரு. மறுபடி இங்க கால வச்சே, காலு இருக்காது."

அவன் தரையில் விழுந்து அழுதான். என்னை அடித்தபோதுகூட இப்படி அழுது சமாதானம் பண்ணுவான், அதே அழுகை. முத்திருளன் அண்ணன் பிடித்துக்கொள்ள, பம்புசெட் தொட்டியில் வேட்டி சட்டையோடு மூன்று முழுக்கு போட்டான். ஈரத்தோடு வந்து போனை எடுத்து என் போட்டோவை அழித்தான். மடித்து வைத்திருந்த பேப்பர் படத்தைச் சிலையின் காலில் வைத்தான். படியில் பிசகின அந்தக் கையால்தான் நீ விபூதி கொடுத்தாய். குனிந்து வாங்கிக்கொண்டான். செத்தவள் என்று நீ சொன்னபோது, எனக்காகத்தான் சொல்கிறாய் என்று தெரிந்தும், சாவு வீட்டில் நிற்கிற மாதிரி எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்றைக் கேட்க வேண்டும். அவன் தொட்டிக்குப் போனபோது பக்கத்தில் யாரும் இல்லை. நான் வாய்க்கட்டை இறக்கிவிட்டு, அக்கா என்று உன் கையைப் பிடித்தேன். நீ என்னை உற்றுப் பார்த்தாய். உன் கண் சிமிட்டவே இல்லை. "நீ யாரு? செத்தவ எதுக்குடி இங்க நிக்கிற?" என்று கேட்டாய். அவன் காதில் விழட்டும் என்று நடித்தாயா? அவன் தூரத்தில் தண்ணீருக்குள் அல்லவா இருந்தான்?

பதில் எழுது. நடிப்புதான் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

முனீஸ்

*

செல்லூர்,
23-8-2024

அன்புத் தங்கச்சிக்கு,

மாமா நலம். மெஹருன்னிசாவும் நலம், உன்னைக் கேட்டாள். அசோக்குமார் உன் பேரை எடுப்பதில்லை. போன் கேட்பதில்லை. நான் நின்றால் அவன் உட்காருவதில்லை, நான் சோறு போட்டால் தட்டைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுகிறான். இப்போது இந்த வீட்டில் பயந்து நடக்கிறவன் அவன்தான்.

எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுக்கிற வரைக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்தேன். தலை முழுகு என்று சொல்வதாகத்தான் இருந்தேன். காலை வைக்காதே என்று சொல்வதாகவும் இருந்தேன். எடுத்ததுக்கு அப்புறம் பஸ்ஸில் நான் தலை ஈரமாக உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு உன்னைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, முனீஸ். உன்னைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தேன்.

மழைக்காலம் வருகிறது, கரையக் கரையப் பூசு. அவள் முகத்தில் மஞ்சளைக் காய விடாதே.

உன் அக்கா,
தாமரைச்செல்வி